மூன்று மாதத்தில் இரண்டே வாடிக்கையாளர்: ஜே.பி. பால் என்ற புகைப்படக்காரரின் கதை

ஒரு கடை திறக்கிறீர்கள். மூன்று மாதம் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறீர்கள். வந்தவர்கள் மொத்தம் இரண்டு பேர். என்ன செய்வீர்கள்?

1845-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், சின்சினாட்டி நகரத்தில், 20 வயது இளைஞர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. அவர் திறந்தது ஒரே அறை கொண்ட போட்டோ ஸ்டுடியோ. அவர் பெயர் ஜேம்ஸ் ப்ரெஸ்லி பால். (காலையில் நம் வாசலுக்கு வரும் பாலோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க, இனி ஜே.பி. என்றே அழைப்போம்.) அவர் கறுப்பினத்தவர். அடிமையாகப் பிறக்காதவர், சட்டப்படி சுதந்திர மனிதர். ஆனால் நாட்டின் தென்பகுதி முழுவதும் அவர் இனத்தவர் ஆடு மாடு போல ஏலத்தில் விற்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது.

கடையை மூடிய அதே மனிதர், பத்து ஆண்டுகளுக்குள் அதே ஊரில் அமெரிக்கா முழுவதும் பேசப்பட்ட ஒரு ஸ்டுடியோவை நடத்தினார். பிறகு அதுவும் போனது. அதன் பிறகு அவர் செய்ததுதான் இன்னும் சுவாரசியம். இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்தில் அவரைப் பற்றிச் சொல்கிறேன். படித்து முடித்ததும் உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோளும் வைக்கப்போகிறேன்.

ஒரே ஒரு பிரதி

முதலில் அந்தக் காலத்துப் புகைப்படம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிரான்ஸ் நாட்டின் டாகர் தன் கண்டுபிடிப்பை 1839-இல் உலகுக்கு அறிவித்தார். அவர் பெயராலேயே அது டாகரோடைப் எனப்பட்டது. வெள்ளிப் பூச்சுள்ள ஒரு செப்புத் தகட்டைக் கண்ணாடி போல மின்னும்வரை தேய்ப்பார்கள். அதை அயோடின் ஆவியில் காட்டினால் ஒளியை உணரும் தன்மை வரும். கேமராவில் வைத்துப் படமெடுத்த பிறகு, சூடாக்கிய பாதரசத்தின் ஆவியில் காட்டுவார்கள். உருவம் மெல்லத் தெரியவரும். கடைசியில் உப்புக் கரைசலில் கழுவி, தங்கக் கரைசலால் மெருகேற்றி, கண்ணாடி போட்டுச் சிறு பேழைக்குள் வைத்துக் கொடுப்பார்கள். பாதரச ஆவி நச்சு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தொழிலில் இருந்தவர்கள் அதை நாள் முழுவதும் சுவாசித்தார்கள்.

படம் பிடித்துக்கொள்ள வருபவர் பல நொடிகள் அசையாமல் இருக்க வேண்டும். அதற்காகத் தலைக்குப் பின்னால் ஓர் இரும்புப் பிடியை வைப்பார்கள். பழைய படங்களில் யாரும் சிரிக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மின்விளக்கு இல்லாத காலம் என்பதால் கூரையில் கண்ணாடி பதித்து வெளிச்சம் வாங்கினார்கள். ஆகவே ஸ்டுடியோ பெரும்பாலும் கட்டடத்தின் உச்சியில்தான் இருக்கும். நமக்கு மேல்மாடி வீடென்றால் வெயிலும் கூரைக் கசிவும் நினைவுக்கு வரும். அவர்களுக்கு மேல்மாடி வெயில்தான் பிழைப்பு.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டாகரோடைப்புக்கு நெகட்டிவ் கிடையாது. ஒரு தகடு, ஒரு படம். அது தொலைந்தால் அந்த முகம் தொலைந்தது.

பரிமாறிச் சேர்த்த பணம்

ஜே.பி. 1825-இல் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தவர். 1845-இல் வைட் சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் என்ற கந்தக நீர் ஊற்று ஊரில், பாஸ்டனிலிருந்து வந்திருந்த ஜான் பெய்லி என்ற கறுப்பினப் புகைப்படக்காரரிடம் தொழில் கற்றார். உலகத்துக்கே புதிதான தொழில். பரம்பரை உரிமை கொண்டாட யாரும் இல்லாததால், புதியவர் நுழைய அதில் இடம் இருந்தது.

சின்சினாட்டிக் கடை படுத்ததும் அவர் ஊர் ஊராகப் போனார். 1846-இல் வர்ஜீனியாவின் தலைநகரான ரிச்மண்ட் வந்து சேர்ந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் வேலை பார்த்துக் காசு சேர்த்து, சட்டமன்றக் கட்டடத்துக்கு அருகே ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார். இந்த முறை கூட்டம் வந்தது. வெள்ளையர், கறுப்பர், சுதந்திரர், அடிமை என எல்லாத் தரப்பினரும் வந்ததாக அவரைப் பற்றிப் பின்னாளில் வெளியான குறிப்பு சொல்கிறது.

ரிச்மண்ட் எப்படிப்பட்ட ஊர் என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். தென் மாநிலங்களின் மிகப் பெரிய அடிமைச் சந்தைகளில் ஒன்று அங்கேதான் இருந்தது. அங்கே கறுப்பு மனிதரின் உருவத்தை யாராவது எழுத்தில் வைத்தார்கள் என்றால், பெரும்பாலும் அது ஏல விளம்பரம். இல்லையென்றால் ஓடிப்போனவரைப் பிடிக்க அச்சடித்த நோட்டீஸ். வயது, உயரம், உடலில் உள்ள தழும்பு என்று அடையாளம் சொல்வார்கள். அதே ஊரில் ஒரு கறுப்பு இளைஞர், தன்னைப் போன்ற ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து, “கொஞ்சம் நேராகப் பாருங்கள்” என்று சொல்லிப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

மேல்மாடியில் ஒரு மாளிகை

1849-இல் ஜே.பி. மீண்டும் சின்சினாட்டிக்கு வந்தார். தோற்ற ஊருக்கே திரும்பியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அப்போது சுமார் 1,15,000 மக்களோடு நாட்டின் ஆறாவது பெரிய நகரம் அது. ஒஹையோ ஆற்றுப் படகுப் போக்குவரத்தும் இறைச்சி வணிகமும் ஊரில் பணத்தைப் புழங்கவிட்டன. கறுப்பர்கள் பிணைத்தொகை கட்ட வேண்டும், வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கூடாது என்றிருந்த ஒஹையோவின் கறுப்பர் சட்டங்கள் அந்த 1849-இல்தான் பெருமளவு நீக்கப்பட்டன.

ஆனால் ஆற்றைக் கடந்தால் கென்டக்கி. அங்கே அடிமை முறை. தப்பியோடி வந்தவர்கள் இரவில் ஆற்றைக் கடந்து சின்சினாட்டியில் கரையேறினார்கள். 1850-இல் வந்த சட்டமோ, அப்படி வந்தவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்ப உதவுவது வட மாநில மக்களின் கடமை என்றது. அடிமை முறையை எதிர்த்த புகழ்பெற்ற நாவலை எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் 1850 வரை இந்த ஊரில்தான் வாழ்ந்தார். கறுப்பர்கள் மீது 1829, 1836, 1841 என மூன்று முறை கலவரக் கும்பல்கள் பாய்ந்த ஊரும் இதுதான்.

இந்த ஊரில் ஜே.பி. தன் ஸ்டுடியோவுக்கு வைத்த பெயர்: மேற்குப் பிரதேசத்தின் மாபெரும் டாகரோடைப் கூடம். பெயரில் அடக்கம் என்ற பேச்சே இல்லை. பாஸ்டனிலிருந்து வெளிவந்த கிளீசன்ஸ் என்ற படப் பத்திரிகை 1854-இல் இந்த ஸ்டுடியோவைப் பற்றிச் சித்திரத்தோடு கட்டுரை வெளியிட்டது. பிரதானக் கூடம் 20 அடி அகலம், 40 அடி நீளம். அதாவது 800 சதுர அடி, நம் ஊரில் ஓர் இரண்டு படுக்கையறை வீட்டின் அளவு. சுவர்களில் தங்க நிறமும் பூ வேலைப்பாடும். மாட்டியிருந்தவை ஜே.பி. எடுத்த 187 படங்கள். காத்திருப்பவர்களுக்காக ஒரு பியானோ. குழந்தைகளைப் படமெடுக்கத் தனி அறை. வேலைக்கு ஒன்பது பேர்.

அதே சுவரில் ராபர்ட் டங்கன்சன் வரைந்த ஆறு இயற்கைக் காட்சி ஓவியங்களும் தொங்கின. டங்கன்சன் பின்னாளில் பெரும் பெயர் பெற்ற கறுப்பின ஓவியர். ஜே.பி.யின் ஸ்டுடியோவில் படங்களுக்கு வண்ணம் தீட்டும் வேலையும் செய்தவர். கூடத்துக்கு வரும் வசதியான வெள்ளைக்காரக் குடும்பம், தன் முறைக்காகக் காத்திருக்கும் அரை மணி நேரத்தில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். கறுப்பினத்தவர் எடுத்த படம், கறுப்பினத்தவர் வரைந்த ஓவியம், அவற்றுக்கு நடுவே தொழில் நடத்தும் கறுப்பின முதலாளி. பிரசங்கம் எதுவும் தேவைப்படவில்லை.

பாடகி ஜென்னி லிண்ட், பின்னாளில் ஜனாதிபதியான கிராண்டின் தாயார் என்று பெரிய இடத்து ஆட்கள் எல்லாம் அவர் கேமரா முன் அமர்ந்தார்கள். அடிமைத் தளையிலிருந்து தப்பி நாட்டின் தலைசிறந்த பேச்சாளராக உயர்ந்த ஃபிரெடரிக் டக்ளஸை 1867-இல் ஜே.பி. படமெடுத்தார். கேலிச்சித்திரங்களால் சிதைக்கப்பட்ட கறுப்பினத்தவரின் முகத்தைக் கேமரா உள்ளபடி காட்டும் என்று டக்ளஸ் நம்பினார். அதனாலேயே வாழ்நாள் முழுவதும் சளைக்காமல் படம் எடுத்துக்கொண்டவர்.

சினிமாவுக்கு முன் ஒரு சினிமா

ஜே.பி.யின் துணிச்சலான காரியம் 1855-இல் வந்தது. அது புகைப்படம் இல்லை, ஓவியம். பனோரமா என்பது அந்தக் காலத்துப் பெரும் பொழுதுபோக்கு. நீண்ட துணியில் காட்சிகளை வரைந்து, இரண்டு உருளைகளில் சுற்றி, மேடையில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெல்ல நகர்த்துவார்கள். பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார். நம் பயாஸ்கோப்பையும் பொம்மலாட்டத்தையும் ஒன்றாக்கி, மேடை அளவுக்குப் பெரிதாக்கினால் எப்படியோ அப்படி.

ஜே.பி. தயாரித்த பனோரமா 2,400 சதுர கெஜம், அதாவது 21,600 சதுர அடி. கறுப்பின ஓவியர்களைக் கொண்டு வரையவைத்தார். ஆப்பிரிக்க அடிமை வணிகம், தென் மாநிலங்களின் பருத்தி, கரும்புத் தோட்டங்கள், மிசிசிப்பி, ஒஹையோ ஆறுகள், நயாகரா அருவி என்று அது நகர்ந்தது. ஊர் சுற்றிப் பார்க்கும் காட்சி என்று டிக்கெட் வாங்கி வந்தவர்கள், அடிமையின் கண்ணால் நாட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சின்சினாட்டியிலும் பாஸ்டனிலும் காட்டப்பட்டது. அந்தத் துணி இன்று இல்லை. அதற்காக அச்சிட்ட விளக்கப் புத்தகம் மட்டும் தப்பியது. அது இல்லாவிட்டால், இப்படியொன்று எப்படி இருந்தது என்றே நமக்குத் தெரிந்திருக்காது.

காற்றும் ஊர் ஊராகவும்

1860 மே மாதம் சின்சினாட்டியைச் சூறாவளி தாக்கியது. ஸ்டுடியோ நாசமானது. மேல்மாடிக் கண்ணாடிக் கூரை என்னவாகியிருக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. நண்பர்களும் வாடிக்கையாளர்களும் கைகொடுக்க, ஜே.பி.யும் அவருடைய பங்குதாரரான மைத்துனர் அலெக்சாண்டர் தாமஸும் மீண்டும் எழுப்பினார்கள்.

அதற்குள் தொழிலே மாறிவிட்டது. நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடக்கூடிய அட்டைப் படங்கள் வந்துவிட்டன. விலை இறங்கியது, போட்டி ஏறியது. ஜே.பி. புதிய முறைக்கு மாறினார். ஆனாலும் 1870-களில் சின்சினாட்டியை விட்டுக் கிளம்பினார். மிசிசிப்பி, லூசியானா, செயின்ட் லூயிஸ், மினியாபோலிஸ் என்று அலைந்து, 1887-இல் மலைகள் சூழ்ந்த மொன்டானாவின் ஹெலினா நகருக்கு வந்தபோது அவருக்கு வயது 62. நம்மில் பலர் ஓய்வூதியம் வாங்கத் தொடங்கி, மாலையில் நடைப்பயிற்சிக் குழுவில் சேரும் வயது. அவர் அங்கே “ஜே.பி. பால் அண்ட் சன்” என்று புதுப் பலகை மாட்டினார்.

ஹெலினா தங்கம் கிடைத்ததால் உருவான ஊர். சுரங்கம், ரயில் பாதை வேலை தேடிப் பலதரப்பட்ட மக்களும் வந்து சேர்ந்திருந்தார்கள். வெள்ளையர், கறுப்பர் மட்டுமின்றிச் சீனர்களும் ஜே.பி.யின் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் நுழையவே 1882-இல் அமெரிக்கா தடை போட்டிருந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டுடியோ அட்டையில் அவர்களும் மற்றவர்களைப் போலவே, நல்ல உடையில், நிமிர்ந்து இருக்கிறார்கள்.

மூன்று படங்கள்

ஹெலினாவில் அவர் எடுத்தவற்றில் மூன்று படங்களைப் பார்ப்பது கடினம்.

வில்லியம் பிகர்ஸ்டாஃப் என்ற கறுப்பின மனிதர், அடிமையாகப் பிறந்தவர். ஒரு கொலை வழக்கில் அவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. தற்காப்புக்காகச் செய்தேன் என்று அவர் சொன்னார். 1896 ஏப்ரலில் தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஜே.பி. எடுத்த முதல் படத்தில் அவர் கோட்டு அணிந்து நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். விவரம் தெரியாதவர் பார்த்தால், யாரோ ஒரு குடும்பஸ்தர் ஸ்டுடியோவுக்கு வந்து எடுத்துக்கொண்ட படம் என்பார். இரண்டாவது, தூக்குமேடை. மூன்றாவது, சவப்பெட்டியில்.

அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் கறுப்பர்களைக் கும்பலாக அடித்துக் கொன்று, அந்தப் பிணத்தைப் படமெடுத்து விற்கும் வழக்கம் பரவிக்கொண்டிருந்தது. அந்தப் படங்களில் இருப்பது உடல் மட்டும். ஆள் யார் என்பதில் யாருக்கும் அக்கறை இல்லை. ஜே.பி.யின் வரிசையில் முதல் படம் இருப்பதால், அடுத்த இரண்டிலும் நம்மால் ஓர் “உடலை” மட்டும் பார்க்க முடிவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர்தான் தெரிகிறார். ஜே.பி.யின் 50 ஆண்டுத் தொழிலையும் ஒரு வரியில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். எவரானாலும் முதலில் நாற்காலியில் உட்காரவைத்து, ஆளாகப் பார்த்தார்.

பேத்தியும் நீரடிமுத்தும்

1900 வாக்கில் சியாட்டில், பிறகு ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு. மூட்டு வலிக்கு வெதுவெதுப்பான ஊர் நல்லது என்று குடும்பமே கடல் கடந்து போனது. 1904-இல் ஜே.பி. அங்கே காலமானார்.

உடன் போன பேத்திகளில் ஒருவர் ஆலிஸ் பால். போட்டோ ரசாயனங்களின் வாசனையில் வளர்ந்த பெண் வேதியியல் படித்தார். ஹவாயில் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் பெண்ணும், முதல் கறுப்பினத்தவரும் அவர்தான், ஆண்டு 1915. அப்போது தொழுநோய்க்கு இருந்த ஒரே நம்பிக்கை சால்மூக்ரா எண்ணெய். நம் சித்த வைத்தியர்கள் காலங்காலமாகப் பயன்படுத்திய நீரடிமுத்து எண்ணெய் இந்த வகைதான். அந்த மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. குடித்தால் குமட்டும், ஊசியில் ஏற்றினால் பிசுபிசுப்பால் தோலடியிலேயே தங்கிவிடும். அதை உடல் ஏற்கும்படி ஊசி மருந்தாக மாற்றும் வழியை ஆலிஸ் கண்டுபிடித்தார். 1916 கடைசி நாளில், 24 வயதில் இறந்துபோனார்.

அவர் வேலையை மேலதிகாரி ஒருவர் தொடர்ந்து, ஆலிஸின் பெயரைக் குறிப்பிடாமல் வெளியிட்டார். 1922-இல் மருத்துவர் ஹால்மன் ஒரு கட்டுரையில் அந்த முறையை ஆலிஸின் பெயரால் குறிப்பிட்டார். அந்த ஒரு குறிப்பு தப்பியதால் பின்னாளில் ஆய்வாளர்களால் உண்மையைத் தேடி எடுக்க முடிந்தது. 2000-இல் ஹவாய்ப் பல்கலைக்கழக வளாகத்து சால்மூக்ரா மரத்தடியில் அவர் பெயரில் பலகை வைத்தார்கள்.

பெயர் எப்படித் திரும்பியது?

தாத்தாவின் கதையும் ஏறக்குறைய இதுவே. இத்தனை ஊர் மாறியதில் அவர் படைப்புகள் சிதறின. 1992-இல் நியூயார்க் ஏலத்தில் சின்சினாட்டிக் கடைத்தெருவை அவர் 1851-இல் எடுத்த ஒரு டாகரோடைப் 63,800 டாலருக்குப் போனது; அந்த வகைப் படத்துக்கு அப்போது அது சாதனை விலை. 1993-இல் டெபோரா வில்லிஸ் என்ற வரலாற்றாசிரியர் அவர் வாழ்க்கையையும் படங்களையும் தொகுத்து நூலாக்கினார். 2021-இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் கலை அருங்காட்சியகம் அவருடைய டாகரோடைப்புகள் அடங்கிய பெரிய தொகுப்பு ஒன்றை வாங்கியது.

பழைய பத்திரிகை விளம்பரங்கள், ஊர் விலாசப் புத்தகங்கள், பனோரமாவின் விளக்கப் புத்தகம், அட்டையில் அச்சிட்ட ஸ்டுடியோ பெயர்: இவற்றைக் கோத்துத்தான் அவர் பாதையைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அவர் எடுத்த பல படங்களில் இருப்பவர்கள் இன்னும் “அடையாளம் தெரியாத ஆண்”, “அடையாளம் தெரியாத பெண்” என்றே பட்டியலில் இருக்கிறார்கள். எடுத்தவர் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். உட்கார்ந்தவர் பெயரை எழுதிவைக்க வேண்டியது வீட்டுக்காரர்கள் வேலை. அவர்களுக்கு அது தேவையாகத் தோன்றவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த முகம்தானே!

இப்போது என் வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ பீரோவிலோ பழைய படங்கள் இருக்கும். அட்டையின் அடியிலோ பின்புறத்திலோ ஸ்டுடியோ பெயரும் ஊரும் இருக்கிறதா என்று பாருங்கள். பின்புறம் காகிதமாக இருந்தால், மென்மையான பென்சிலால் அழுத்தாமல் பெயர், உறவு, ஊர், தோராயமான ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம். அழுத்தம் முன்பக்கம் தெரியும், மை கசியும். வழவழப்பான பின்புறம் என்றால் தனித் தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். லேமினேஷன், செலோடேப், ஒட்டும் ஆல்பம் மூன்றும் கூடாது. கசிவுள்ள சுவரில் மாட்டாதீர்கள். இராமபாணப் பூச்சிக்கு அதைவிட நல்ல விருந்து இல்லை. கைபேசியில் படமெடுக்கும்போது பின்புறத்தையும் சேர்த்து எடுங்கள்.

நம் குடியிருப்பிலேயே 80 வயதைத் தாண்டிய பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்த முகங்களுக்குப் பெயர் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு பென்சிலோடு அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.